கார் இல்லாமல் நெல்லைச் சீமையில் முதுகுப்பையும் கூடாரமும்: கடைசி பஸ்ஸிலிருந்து தொடங்குங்கள்

சென்னையிலிருந்து மூன்று பேர், கார் கிடையாது, வாடகை வண்டியும் வேண்டாம், ரயிலில் வந்து மூன்று நாள் முதுகுப்பையோடு நடந்து இரண்டு ராத்திரி கூடாரத்தில் படுத்துவிட்டுத் திரும்ப வேண்டும், பொதிகை மலைப் பக்கமாக இருந்தால் நல்லது, எப்படித் திட்டம் போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆனால் நீங்கள் மனத்தில் வைத்திருக்கிற இடத்தில் முடியாது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பாபநாசத்துக்கும் மணிமுத்தாறுக்கும் களக்காட்டுக்கும் மேலே இருப்பது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். 1988-இல் அமைந்தது, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். அதற்குள் அனுமதி இல்லாமல் நுழைவதே 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கூடாரம் போட்டுப் படுப்பதைக் கேட்கவே வேண்டாம். 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் மாண்ட பிறகு மாநிலத்தில் மலையேற்றத்துக்கென்று தனி விதிகளே வந்துவிட்டன. 2024 அக்டோபரில் வனத்துறை ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 40 வழிகளைத் திறந்தது; இணையத்தில் முன்பதிவு செய்து, துறை அனுப்பும் வழிகாட்டியோடு காலையில் ஏறி மாலைக்குள் இறங்கிவிட வேண்டியவை அவை. காட்டை உள்ளே போய்ப் பார்க்க ஆசை என்றால் அதில் ஒன்றுக்கு ஒரு பகலை ஒதுக்குங்கள். ராத்திரியைக் காட்டுக்கு வெளியே வையுங்கள்.

மாஞ்சோலையில் கூடாரம் போடலாம் என்று பழைய குறிப்புகளில் படித்திருந்தால் மறந்துவிடுங்கள். 1929-இல் தொடங்கிய 99 ஆண்டுக் குத்தகையில் ஓடிக்கொண்டிருந்த தேயிலைத் தோட்டம் அது. 2024-இல் தோட்ட வேலை நின்றுபோய்த் தொழிலாளர் குடும்பங்கள் இறங்க ஆரம்பித்துவிட்டன. டீக்கடை, தங்குமிடம், பஸ் என்று அந்தக் குறிப்புகள் சொல்கிற எதையும் நம்பி ஏறக் கூடாது. பொதிகையின் உச்சியான அகத்தியர்கூடத்துக்குத்தான் போக வேண்டும் என்றால் வழி கேரளப் பக்கம்: 1,868 மீட்டர் உயரம், கேரள வனத்துறையிடம் முன்பதிவு, போணக்காட்டிலிருந்து ஏற்றம், பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரைதான் திறந்திருக்கும். அது வேறு பயணம். இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சரி, எங்கேதான் நடப்பது? திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டைக்குப் போகிற ரயில் பாதையை வரைபடத்தில் பாருங்கள். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், காருகுறிச்சி, சேரன்மகாதேவி என்று வரிசையாக ஸ்டேஷன்கள். அதையொட்டியே தாமிரபரணி. நடுவில் கன்னடியன் கால்வாய், வயல், தோப்பு. மேற்கே திரும்பினால் மலை முழுச் சுவராக நிற்கும். எந்த இடத்தில் கால் பிசகினாலும், மழை பிடித்தாலும், ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும் அரை மணி நடையில் ஒரு ஸ்டேஷனோ பஸ் நிறுத்தமோ இருக்கிறது. கார் வைத்திருப்பவன் நடந்த தூரத்தை மறுபடி நடந்து காருக்கே திரும்ப வேண்டும். உங்களுக்கு அந்தக் கட்டு இல்லை, ஒரு ஸ்டேஷனில் இறங்கி இன்னொன்றில் ஏறலாம். இந்தச் சீமையில் கார் இல்லாதவனுக்கு வாய்த்த நல்ல வழி இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

திட்டத்தை எல்லாரும் முதல் நாள் காலையிலிருந்து எழுதுகிறார்கள். தலைகீழாக எழுதுங்கள். திரும்பும் ரயில் எது? அதற்குத் திருநெல்வேலி ஜங்ஷனில் எத்தனை மணிக்கு நிற்க வேண்டும்? அதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் வந்து சேர்கிற பஸ் எது? அதற்கும் முந்தைய பஸ் எது? அந்த முந்தைய பஸ்தான் உங்கள் பஸ். அட்டவணையில் இருக்கிற கடைசி வண்டியைத் திட்டத்தில் எழுதவே கூடாது. அது ‘பிரேக் டவுன்’ ஆனாலோ, முகூர்த்த நாளில் கூட்டம் நிரம்பி நிறுத்தாமல் போனாலோ உங்களுக்கு மாற்று கிடையாது. இதே கணக்கை ஒவ்வொரு நாளுக்கும் போடுங்கள்: இன்றைக்கு இரவு தங்கும் இடத்திலிருந்து ஊருக்குப் போகக் கடைசி வண்டி எத்தனை மணிக்கு?

நேரத்தை இணையத்தில் தேட வேண்டாம். திருநெல்வேலியில் வேய்ந்தான்குளம் புது பஸ் ஸ்டாண்டிலும் அம்பை (அம்பாசமுத்திரம்) பஸ் ஸ்டாண்டிலும் டைம் கீப்பர் இருப்பார், அவரிடம் கேளுங்கள். கேட்கும்போது ‘கடைசி பஸ் எப்ப?’ என்று மட்டும் கேட்காமல் ‘நைட் ஹால்ட் வண்டி இருக்கா அண்ணாச்சி?’ என்றும் கேளுங்கள். ராத்திரி ஒரு கிராமத்துக்குப் போய், டிரைவர் கண்டக்டர் அங்கேயே படுத்து, விடியற்காலையில் முதல் நடையாகத் திரும்பும் பஸ் அது. நைட் ஹால்ட் இருக்கிற கிராமத்துக்குப் பக்கத்தில் படுத்தால் காலை ஐந்து, ஐந்தரைக்கு வண்டி நிச்சயம். இரவில் ஏதாவது ஆனாலும் வண்டியும் இரண்டு ஆளும் அங்கேயே இருப்பார்கள். கூடாரம் போட ஊர் தேர்ந்தெடுக்கும்போது இதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

டவுன் பஸ்ஸில் பெரிய பையோடு ஏறுவது ஒரு தனி வித்தை. பள்ளிக்கூடம் விடும் நேரமான நாலு மணியிலிருந்து ஐந்தரை வரை ஏறாதீர்கள். பையை முதுகிலிருந்து கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டே ஏறுங்கள், இல்லையென்றால் பின்னால் இருப்பவர் முகத்தில் இடிக்கும். டிரைவருக்கு இடப்பக்கம் எஞ்சின் மூடிக்குப் பக்கத்தில் இடம் கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள்; ஆனால் எஞ்சின் மூடி சுடும், மேலேயே வைத்தால் தூங்கும் பாயின் ரப்பர் உருகி ஒட்டிக்கொள்ளும். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்டால் பேசாமல் எடுத்துவிடுங்கள். 45 முதல் 50 லிட்டர் பைக்கு மேல் வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணமே இந்தப் பஸ் படிக்கட்டுதான். பெண்கள் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021-இலிருந்து கட்டணமில்லாமல் போகலாம்.

அடுத்தது பருவம். ஜனவரியும் பிப்ரவரியும்தான் சரி. பிசானப் பருவ நெல் பச்சையாக நிற்கும், ஆறு அடங்கியிருக்கும், ராத்திரி ஒரு போர்வைக்கு மேல் தேவைப்படாது. மார்ச் பாதிக்கு மேல் வெயில் நடக்க விடாது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலத்தில் சாரல் என்று எல்லாரும் வருவார்கள். அந்த மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் வருகிற காற்று கூடாரத்துக்கு எமன். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதைச் சும்மா சொல்லவில்லை. காவல்கிணறு, பணகுடிப் பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்பதைப் பார்த்தாலே தெரியும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது, ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் பயணிகளோடு மாட்டிக்கொண்டது. அந்த மாதங்களில் ஆற்றோரம் படுக்கும் யோசனையே வேண்டாம்.

நல்ல மாதத்திலும் ஆற்று மணலில் கூடாரம் போடக் கூடாது. பாபநாசத்தில் மின்சாரம் எடுக்கத் தண்ணீர் விடுவதைப் பொறுத்து ஆறு கூடும், குறையும். உங்கள் தலைக்கு மேல் ஒரு மேகமும் இல்லாதபோதே மலைக்குள் பெய்த மழை வந்து சேரும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் நொடியில் வந்த வெள்ளம் ஒரு சிறுவனை அடித்துப்போனது அப்படித்தான். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னாலிருந்து நெல்லைப் பதிப்புச் செய்தித்தாளில் அணை நீர்மட்டத்தைப் பாருங்கள்: பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி, இவை முழுக் கொள்ளளவு. பாபநாசம் 140-ஐத் தொட்டு நிற்கிறது, மழையும் உண்டு என்றால் உபரித் தண்ணீர் எப்போது வேண்டுமானாலும் திறப்பார்கள். அப்போது ஆற்றை விட்டு விலகிக் கால்வாய்க்குத் தெற்கே, மேட்டுப் பக்கமாகப் படுங்கள்.

இப்போது நடை. சென்னை எழும்பூரில் இரவு நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் திருநெல்வேலி. அங்கிருந்து செங்கோட்டை பாசஞ்சரில் அம்பாசமுத்திரம். பொதிகை எக்ஸ்பிரஸில் வந்தால் தென்காசியில் இறங்கி எதிர்த் திசையில் வர வேண்டும்; கூடாது என்றில்லை, ஆனால் நெல்லை எக்ஸ்பிரஸ்தான் தோது, ஏனென்றால் திரும்பும்போதும் அதே ஜங்ஷன். அம்பையில் சாப்பிட்டு, வாங்க வேண்டியதை வாங்கி, ஆற்றைத் தாண்டிக் கல்லிடைக்குறிச்சி. அங்கே அப்பளம் வாங்க மறக்காதீர்கள். எடை இல்லாத கூடாரச் சாப்பாடு, நெருப்பில் சுட்டால் எண்ணெயே வேண்டாம். மாலை வெயில் தாழ்ந்ததும் கன்னடியன் கால்வாய்க் கரையைப் பிடித்து வீரவநல்லூர்ப் பக்கம் நடங்கள், ஆறேழு கிலோமீட்டர்தான். முதல் நாள் பையோடு இது போதும்.

இரண்டாம் நாள் வீரவநல்லூரிலிருந்து காருகுறிச்சி வழியாகச் சேரன்மகாதேவி. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் என்று வையுங்கள். கால்வாய் வளைவுகளைப் பொறுத்துக் கூடும். ஐந்தரைக்கு இருட்டோடு கிளம்பி ஒன்பதரை, பத்துக்குள் முக்கால்வாசியை முடித்துவிட வேண்டும். பத்திலிருந்து மூன்றரை வரை ஏதாவது படித்துறை மண்டபத்தில் படுத்துக் கிடங்கள். இந்த ஆற்றங்கரையில் கல் மண்டபத்துக்குப் பஞ்சமில்லை. பறவை பார்க்கிறவர்கள் ஒரு நாள் கூட்டிக்கொண்டு வீரவநல்லூர்ப் பக்கமிருந்து திருப்புடைமருதூருக்குப் போய் வரலாம்: கடனா நதி தாமிரபரணியோடு கலக்கிற இடம், 2005-இல் பறவைகளுக்காகப் பாதுகாப்பிடமாக அறிவித்தார்கள், நாறும்பூநாதர் கோயில் கோபுரத்துக்குள் பழைய சுவரோவியங்களும் உண்டு. அங்கே கூடாரம் வேண்டாம், ஊர்க்காரர்கள் அந்தப் பறவைகளைத் தங்கள் வீட்டுப் பிள்ளைகள்போலப் பார்க்கிறார்கள். வெடி, பாட்டுச் சத்தம் எதுவும் ஆகாது. மூன்றாம் நாளைக் கடைசியில் சொல்கிறேன்.

கால்வாய்க் கரையில் நடக்கிறபோது ஒன்று கவனியுங்கள். தண்ணீர் விட்டிருக்கும் காலத்தில் கால்வாயை எங்கே வேண்டுமானாலும் கடக்க முடியாது. அடுத்த பாலம் ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும். எந்தக் கரையில் ஏறுகிறோம் என்பதை ஆரம்பத்திலேயே முடிவு செய்யுங்கள். வரைபடத்தைக் கைபேசியில் இறக்கி வைத்துக்கொள்வது நல்லது, ஆனால் வாய்க்கால் பெயரும் மடைப் பெயரும் ஊர்க்காரர் வாயில்தான் இருக்கிறது.

கூடாரம் போடும் இடத்துக்கு வருவோம். பெரும்பாலான பயணங்கள் கெட்டுப்போவது இங்கேதான்.

யாருடைய இடமும் சும்மா கிடக்கிற இடம் இல்லை. பொழுது சாயும் முன், ஐந்து மணிக்குள் ஒரு தோப்புக்காரரைப் பிடித்துக் கேளுங்கள். இருட்டிய பிறகு கேட்டால் யாரும் சரி என்று சொல்ல மாட்டார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. ‘அண்ணாச்சி, சென்னையிலேர்ந்து நடந்து பாக்க வந்திருக்கோம். ராத்திரி மட்டும் இங்கன கூடாரம் போட்டுக்கிடலாமா? வெளிச்சம் வந்ததும் கெளம்பிருவோம்’ என்று நேராகக் கேட்டால் போதும். ஆதார் நகல் ஒன்று கையில் இருக்கட்டும். பணம் நீட்டுவதைவிட அவர் தோப்பு இளநீரையே காசு கொடுத்து வாங்கிக் குடிப்பது மரியாதை. அவர் மறுத்தால் வாதம் வேண்டாம். அடுத்த தோப்பு நூறு அடியில் இருக்கிறது. ஊர்த் தலையாரியிடமோ பக்கத்து டீக்கடையிலோ ‘இன்னார் தோப்பில் படுக்கிறோம்’ என்று ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். ராத்திரி ரோந்து வரும் போலீஸ்காரருக்கு அந்த ஒரு வார்த்தை பாதிச் சந்தேகத்தைத் தீர்த்துவிடும்.

அனுமதி கிடைத்ததும் மூன்று கேள்விகள். முதல் கேள்வி: ‘மும்முனைக் கரண்ட் எப்ப வரும், இன்னைக்கு எந்தப் பாத்திக்குத் தண்ணி பாயும்?’ விவசாய இணைப்புக்கு மும்முனை மின்சாரம் முறைவைத்து வருகிறது, அது நடுராத்திரியாகவும் இருக்கலாம். மோட்டார் போட்டுவிட்டால் சமமாக, சருகு மெத்தையாக நீங்கள் தேடிப் பிடித்த அந்த அழகான இடம் தென்னைப் பாத்தியாக நிரம்பும். கூடாரத்துக்கு அடியில் தண்ணீர் வந்த கதைகளில் பாதி மழையால் அல்ல, இதனால்தான். வரப்பு மேட்டிலோ களத்திலோ போடுங்கள்.

இரண்டாவது: ‘பன்னிக்கு யாரும் கம்பி போட்டிருக்காங்களா?’ மலையடிவார ஊர்களில் காட்டுப்பன்றியைத் தடுக்க வேலியில் மின்சாரம் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். சட்டப்படி தவறு, ஆனால் நடக்கிறது. மனிதர்களும் செத்திருக்கிறார்கள். இருட்டில் ஒதுங்கப் போகும்போது வயலுக்குக் குறுக்கே நடக்கவே கூடாது. போட்ட பாதையில், டார்ச் அடித்துக்கொண்டு.

மூன்றாவது கேள்வி கரடியையும் சிறுத்தையையும் பற்றி. வீரவநல்லூர், சேரன்மகாதேவி ஆற்றோரத்தில் இந்தக் கவலை குறைவு. பாபநாசம், மணிமுத்தாறு, கடையம், களக்காட்டு அடிவாரம் என்றால் தோப்புக்காரரே சொல்லிவிடுவார், அவர் ‘வேண்டாம்’ என்றால் ஊருக்குள் லாட்ஜ் எடுங்கள். மாம்பழம், பலாப்பழம், வாழைப்பழம் எதையும் கூடாரத்துக்குள் வைத்துப் படுக்காதீர்கள்.

மரத்தடி என்றால் எந்த மரம்? தென்னைக்கு அடியில் ஒருபோதும் கூடாது. தேங்காயை விடக் காய்ந்த மட்டைதான் மோசம், காற்றே இல்லாமல் விழும், கூடாரத் துணியைக் கிழித்து ஆளையும் சாய்க்கும். பனையும் அப்படியே. மரத்திலிருந்து மட்டை நீளம் தள்ளி, இரண்டு வரிசைக்கு நடுவில் அகலமான இடைவெளி இருந்தால் போடலாம். இல்லையென்றால் மாமரம், வேம்பு. போடுவதற்கு முன் காலால் சருகைத் தள்ளித் தரையைப் பாருங்கள். கட்டெறும்புப் புற்று, எலி வளை இருந்தால் நகருங்கள். எலி வளை இருக்கிற இடத்துக்குப் பாம்பு வரும். தை மாதப் பனியில் கூடாரத்தின் உட்பக்கம் வேர்த்துச் சொட்டும். மேல் துணியின் காற்றுவாயைத் திறந்தே வைத்து, வலைக் கதவை மட்டும் மூடுங்கள். வலைக் கதவு கொசுவுக்காக மட்டும் இல்லை. கட்டுவிரியன் ராத்திரியில் தரையில் படுத்திருப்பவரைத்தான் கடிக்கும், கடித்ததே பல பேருக்குத் தெரியாது. ஜிப் முழுதாக மூடியிருந்தால் அந்தப் பயம் தீர்ந்தது. செருப்பை வெளியே விட்டால் காலையில் தட்டிவிட்டுப் போடுங்கள்.

பையில் என்ன? ஆளுக்குப் பத்துக் கிலோவைத் தாண்ட விடாதீர்கள், தண்ணீரையும் சேர்த்து. இருவர் கூடாரம் இரண்டரைக் கிலோவுக்குள். கம்பி நட்டால்தான் நிற்கும் வகை வேண்டாம், தானே நிற்கிற வகை வேண்டும், ஏனென்றால் களத்து மண் கல்லாக இறுகியிருக்கும், முளை இறங்காது. உறக்கப்பை இந்தச் சமவெளிக்குத் தேவையே இல்லை. ஒரு பருத்திப் போர்வை, ஒரு விரிப்பு. இரண்டு செட் துணி, ஒரு துண்டு, மழைக்கு ஒரு பெரிய பிளாஸ்டிக் தாள், டார்ச் இரண்டு, 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க், நூறு ரூபாய்க்குக் கீழே உள்ள நோட்டுகளாகக் கொஞ்சம் ரொக்கம். புது ஷூவோடு வராதீர்கள். சகதி வரப்பில் ஷூவைவிடப் பட்டை வைத்த செருப்பு உதவும், இரண்டும் இருக்கட்டும்.

தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர். ஆனால் நாலையும் சுமக்க வேண்டியதில்லை. ஊர் தொட்டு ஊர் போகிறீர்கள், இரண்டு லிட்டர் எப்போதும் பையில் இருந்தால் போதும், டீக்கடையில் நிரப்பிக்கொள்ளலாம். தாமிரபரணித் தண்ணீர் இனிப்புதான், அதற்காக அப்படியே குடிக்கக் கூடாது. குளிப்பும் துவைப்பும் சாக்கடையும் அதில்தான். நன்றாகக் கொதித்து மேலே குமிழி புரண்ட பிறகு ஒரு நிமிடம் விட்டு இறக்குங்கள். குளோரின் மாத்திரை போட்டால் அட்டையில் சொன்ன நேரம் முழுதும் காத்திருங்கள், கலங்கல் தண்ணீரை முதலில் வேட்டித் துணியில் வடிகட்டினால்தான் மாத்திரை வேலை செய்யும்.

அடுப்பு விஷயத்தில் காரில் வருகிறவர்களின் பட்டியலைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம். ரயிலில் காஸ் குப்பி, மண்ணெண்ணெய், பெட்ரோல், ஸ்பிரிட் எதையும் கொண்டுவர முடியாது. 1989 ரயில்வே சட்டம் 164-ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறைக்கு இடமிருக்கிறது. கூடார அடுப்புக்கான காஸ் குப்பி அம்பைக் கடைத்தெருவில் கிடைக்கும் என்று நம்பி வராதீர்கள். அடுப்பே வேண்டாம் என்பது என் யோசனை. ஊர் ஊராகப் போகும்போது காலை இட்லி, மதியம் சாப்பாடு, ராத்திரி புரோட்டா எல்லாம் கடையில் கிடைக்கிறது. கூடாரத்தில் வேண்டியது ஒரு வேளைக்கு மாற்றுச் சாப்பாடும், காலையில் சூடாக ஒரு டம்ளர் கருப்பட்டிக் காப்பியும்தான்.

அதற்குச் சிரட்டை (கொட்டாங்குச்சி) போதும். தோப்புக்காரரிடம் கேட்டால் கொடுப்பார். கூடாரத்திலிருந்து இருபதடி தள்ளி, சருகைச் சுத்தமாக ஒதுக்கி, அரை அடிக் குழி தோண்டி, மூன்று கல் வைத்து, காய்ந்த பாளையைக் கீழே போட்டுப் பற்றவைத்து, அதன்மேல் நாலைந்து சிரட்டையைக் கவிழ்த்தால் ஒரு லிட்டர் தண்ணீர் தாராளமாகக் கொதிக்கும். பச்சை மட்டையைப் போட்டால் புகைதான் மிச்சம். முடிந்ததும் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிக் கிளறி, கையை வைத்தால் குளிர்ந்திருக்க வேண்டும். சிரட்டைக் கங்கு சாம்பலுக்குள் மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும். காட்டு ஓரமாக இருந்தாலோ, பிப்ரவரிக்கு மேல் காய்ந்த காலமாக இருந்தாலோ தீயே மூட்டாதீர்கள்.

மாற்றுச் சாப்பாட்டுக்கு ஆளுக்கு ஒரு வேளை அளவு: கெட்டி அவல் 80 கிராம், கருப்பட்டி 30 கிராம், வறுத்த வேர்க்கடலை 50 கிராம். அவலைப் பதினைந்து நிமிடம் நனைத்தால் போதும். புளியோதரை வாழையிலையில் கட்டியது மறுநாள் மதியம் வரை தாங்கும், நல்லெண்ணெய் தாராளமாக விட்டிருந்தால். மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் ஒரு நாள் தாங்கும். தேங்காய் சேர்ந்த எதுவும், சட்னி, துவையல், பொரியல், மதியத்துக்கு மேல் ஆகாது. பொரிவிளங்காய் கிடைத்தால் நாலு வாங்கிக்கொள்ளுங்கள். பல் பத்திரம், ஆனால் வாரக் கணக்கில் கெடாது.

கடி, காய்ச்சல் பற்றி இரண்டு வார்த்தை. பாம்பு கடித்தால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். ஆளைப் படுக்கவைத்து, கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் குச்சி வைத்துக் கட்டி, கடித்த நேரத்தைக் குறித்து, 108-ஐக் கூப்பிடுங்கள். பாம்பைத் தேடிக் கொல்ல நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் அரசு மருத்துவமனையில் போடுவது ஒரே விஷமுறிவு மருந்து. நிலைமை மோசமானால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. இன்னொன்று, ஊருக்குத் திரும்பி ஒன்றிரண்டு வாரம் கழித்துக் கடும் காய்ச்சலும் தலைவலியும் வந்தால், உடம்பில் எங்காவது சிகரெட்டால் சுட்டதுபோலக் கறுத்த புண் இருக்கிறதா என்று பாருங்கள். அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு என்று மறைவான இடத்தில் இருக்கும். புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ் அது. சீக்கிரம் கண்டுபிடித்தால் சாதாரண மாத்திரையில் தீரும், டாக்டரிடம் ‘தோப்பில், புல் தரையில் படுத்தேன்’ என்று நீங்களே சொல்ல வேண்டும். புல்லில் நேரடியாக உட்காராமல் விரிப்பு போடுவது இதற்காகவும்தான்.

மலை இல்லாவிட்டால் கடல் பரவாயில்லை என்றால் திருச்செந்தூர் பாசஞ்சரில் போய், மணப்பாடு, உவரி என்று கரையோரம் பஸ்ஸில் தொட்டுத் தொட்டுப் போகலாம். அங்கே தங்கும் முன் ஊர்க் கமிட்டியைக் கேட்க வேண்டும். இழுத்து வைத்த படகுக்கும் கடலுக்கும் நடுவில் படுத்தால் விடியுமுன்பே தொழிலுக்குப் போகிறவர்கள் உங்களை எழுப்பிவிடுவார்கள். மணலில் முளை நிற்காது. சாக்கில் மணலை நிரப்பி, கயிற்றை அதன் நடுவில் கட்டி, ஒரு அடி ஆழத்தில் புதையுங்கள். உவரிக்குத் தெற்கே கூடங்குளம் அணுமின் நிலையம். அந்தப் பக்கம் கரையோரம் நடப்பதும் படம் எடுப்பதும் வீண் வம்பு.

மூன்றாம் நாள். சேரன்மகாதேவியில் விடியலில் கூடாரத்தைப் பிரித்து, பனியில் நனைந்த மேல் துணியைப் பையின் வெளியே தொங்கவிட்டு நடங்கள், பத்தமடை வருவதற்குள் காய்ந்துவிடும். ஈரத்தோடு சுருட்டி ரயிலில் ஒரு ராத்திரி வைத்தால் பூசணம் பிடிக்கும். பத்தமடை நாலைந்து கிலோமீட்டர். கோரைப்பாய்க்குப் பெயர்பெற்ற ஊர். பட்டுப்போல மடிக்கிற நயம் பாய் விலை கூடியது, கூடாரத்துக்கு அது வேண்டாம். முரட்டு ரகம் ஒன்று வாங்கினால் அடுத்த பயணத்தில் ரப்பர் விரிப்புக்குப் பதிலாகப் போடலாம், முதுகு வேர்க்காது. அங்கிருந்து ஜங்ஷனுக்கு பஸ் அடிக்கடி உண்டு. பாயை நீளவாக்கில் சுருட்டி இரண்டு இடத்தில் கட்டிக்கொள்ளுங்கள், பெர்த்துக்கு அடியில் நுழைந்துவிடும்.